மூன்று நாள் எண்ணெயில் ஊறிய சோக்

சோக் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ட்யூப்லைட். அடுத்தது அப்பாவின் சேத்தக் ஸ்கூட்டரில் மார்கழிக் காலையில் இழுத்துவிடும் சின்னக் குமிழ். ஷாட்கன்னுக்கும் சோக் உண்டு என்பது டெக்சஸ் வந்து, வார இறுதியில் வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டைப் பழகிய பிறகுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் ஷாட்கன் சோக்கின் வேலை ரொம்ப எளிது. குழலின் வழியைக் கொஞ்சம் ஒடுக்குகிறது, அவ்வளவுதான்.

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு கிடையாது. நானூறு சொச்சம் ஈயச் சிறுகுண்டுகள். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ‘பால்ரஸ் குண்டு’ என்று போடுவார்களே, அதைவிடப் பொடி. குழலை விட்டு வெளியே வந்ததும் இவை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். குழலின் வாய்ப்பக்கம் கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தில் விட்டம் இம்மி குறைந்தால் கூட்டம் நெருக்கமாகப் போகும், குறையாவிட்டால் சீக்கிரம் சிதறும். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேப் என்ற துப்பாக்கித் தொழிலாளி இந்த யோசனைக்கு 1866-லேயே காப்புரிமை கேட்டுவிட்டார். அப்போது ஒடுக்கம் குழலிலேயே கடைந்து வரும், மாற்ற முடியாது. இப்போது பெரும்பாலான துப்பாக்கிகளில் குழல் வாயில் மரை வெட்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாயைத் திருகி வைக்கிறார்கள். வேண்டிய ஒடுக்கத்துக்கு வேண்டிய குழாய். அதைத்தான் சோக் ட்யூப் என்கிறோம்.

திருகி வைக்கலாம் என்றால் கழற்றவும் முடிய வேண்டும் அல்லவா? என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

துப்பாக்கி ஒரு மோஸ்பெர்க் 500. முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகை, நம் ஊர் வழக்கில் 12 போர், 28 அங்குலக் குழல். ஓர் அடகுக்கடையில் 180 டாலருக்கு வாங்கினேன். அடகுக்கடை என்றதும் நகையும் பித்தளைக் குத்துவிளக்கும் நினைவுக்கு வருகிற நமக்கு, இங்கே கிடார், துளையிடும் மெஷின், துப்பாக்கி என்று வரிசையாக மாட்டியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் வாங்கும்போது, “சோக் கழற்றி மாட்டுவதுதானே?” என்று கேட்டேன். “எல்லாம் பக்கா” என்றார் கடைக்காரர். அங்கேயே ஒரு ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பார்க்காதது என் தப்பு.

வீட்டுக்கு வந்து வாய்ப்பக்கம் பார்த்தால் ட்யூபின் விளிம்பும் குழலின் விளிம்பும் ஒன்றாக உருகி ஒட்டினாற்போல ஒரே கறுப்பு. விளிம்பில் ஸ்பேனர் பிடிக்கச் சின்னச் சின்ன வெட்டுகள் மட்டும் தெரிந்தன. ட்யூபின் பெயர் அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும். உள்ளே திருகி இருக்கும்போது அது கண்ணுக்குப் படாது. சில கம்பெனிகளில் விளிம்பு வெட்டுகளை எண்ணியே ஒடுக்கத்தைச் சொல்லிவிடலாம். பெரெட்டாவில் ஒரு வெட்டு என்றால் ஃபுல், அதாவது நல்ல இறுக்கமான ஒடுக்கம், வெட்டு கூடக் கூட வாய் திறந்துகொண்டே போகும். எல்லாக் கம்பெனியும் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதால், வேறு துப்பாக்கியில் வெட்டை எண்ணி முடிவுக்கு வருவது வம்பு.

சுடும் இடத்தில் ஒரு பெரியவர் காசு வைத்துப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்க 10 சென்ட் நாணயத்தின் விட்டம் 17.9 மில்லிமீட்டர். வழக்கமான 12 போர் குழலில் ஃபுல் சோக் இருந்தால் அந்தக் காசு வாயிலேயே நின்றுவிடும். உள்ளே இறங்கினால் ஃபுல் அல்ல, அதைவிடத் திறந்தது. குழலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. உள்விட்டம் கூட்டிக் கடைந்த குழல்கள் இப்போது நிறைய வருவதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. எனக்கு முதல் துப்பாகத் துணை செய்தது. காசு மயிரிழை இடைவெளி விட்டு உள்ளே நழுவியது. சரி, நடுத்தர ஒடுக்கமான மாடிஃபைட் ஆக இருக்கலாம்.

கழற்றும் வேலைக்கு முன்னால் செய்ய வேண்டியதை நான் விட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். பம்ப்பைப் பின்னால் இழுத்து, தோட்டா அறையையும், தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் மேகசின் குழாயையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்தேன். இந்த மாடலில் முன்பக்கத் திருகு ஒன்றைக் கழற்றினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும். அதன் பிறகு அது வெறும் இரும்புக் குழாய். சோக்கில் எந்த வேலை செய்தாலும் முடிந்தவரை குழலைத் தனியே கழற்றிவிட்டுத்தான் செய்கிறேன். சுடும் இடத்தில் அப்படி முடியாது. அங்கே துப்பாக்கி காலி, பம்ப் பின்னால் இழுத்துத் திறந்து இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்த பிறகே கை வாய்ப்பக்கம் போகும்.

வெள்ளிக்கிழமை இரவு. துப்பாக்கியோடு வந்த தகட்டு ஸ்பேனரை வெட்டுகளில் பொருத்தி இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் திருகினேன். ‘டக்’ என்று ஸ்பேனர் எகிறி, ஒரு வெட்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போனது. பளபளவென்று புது இரும்பு தெரிந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. தகட்டு ஸ்பேனர் இரண்டே இடத்தில்தான் பிடிக்கும், அதுவும் மேலோட்டமாக. சுத்தமாக இருக்கும் ட்யூபைக் கழற்ற அது போதும், இறுகிப்போனதற்கு ஆகாது.

அப்பா கோவையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். இந்தியாவில் சனிக்கிழமை காலை ஆகியிருந்தது. வீடியோவில் கூப்பிட்டு ட்யூபைக் காட்டினேன்.

“என்னடா கண்ணு இது, துப்பாக்கியா? ஒலிம்பிக்குல புதுக்கோட்டைக்காரர் சுட்டாரே, அதுவா?”

2024 பாரிசில் ட்ராப் என்ற தட்டு சுடும் பிரிவில் கலந்துகொண்ட பிருத்விராஜ் தொண்டைமானைச் சொல்கிறார். “அதே ஜாதி விளையாட்டுதானுங்ப்பா. அவரு சுடறது வேற லெவலு. நம்முளுது மோர்க்குழம்பு.”

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே வந்தார். “அத பலவந்தம் பண்ணாத. உள்ள இருக்கறது போனா போகுது, குழல் மரை கெட்டுச்சுன்னா குழலையே தூக்கிப் போடோணும். எண்ணெய் குடிக்க உடு. நீ போய்த் தூங்கு.”

அதைத்தான் செய்தேன். ஊறுகாய் பாட்டில் ஒன்றில் துருவை இளக்கும் எண்ணெயை மூன்று அங்குலம் ஊற்றி, குழலை வாய் கீழாக அதில் நிறுத்தி, மேலே சுவர் ஆணியில் கயிற்றால் கட்டினேன். எண்ணெய் ட்யூபின் விளிம்பு வழியாக ஒரு பக்கமும், குழல் உட்புறம் ட்யூபின் பின்விளிம்பு வழியாக மறுபக்கமும் மரைக்குள் இறங்க வேண்டும். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் பாதி வழியிலேயே வழிந்துவிடும். கார் ஷெட்டில் ஒரே வாடை. மனைவி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது, ஏதோ கரைகிறது என்று அர்த்தம். மரச்சுத்தியால் குழலைச் சுற்றிலும் மெல்லத் தட்டிவிட்டு மறுபடியும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வைஸில் பிடிக்க ஒரு கட்டை செய்தேன். இரண்டு அங்குலக் கனக் கட்டையில் குழல் அளவுக்குத் துளை போட்டு, நடுவே அறுத்து, உட்புறம் பழைய சைக்கிள் ட்யூப் ஒட்டினேன். குழலின் மேல்முதுகில் பார்வைக்காக ஒரு பட்டை ஓடுவதால் அதற்கு இடம் விட்டுக் கட்டையைச் செதுக்க வேண்டியிருந்தது. பிடிக்கும்போது வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். வாய்ப்பக்கத்தையே வைஸில் கடித்தால் குழல் இம்மி நசுங்கி ட்யூபை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது தோன்றவில்லை. அப்பா சொன்னது.

ஸ்பேனரையும் மாற்றினேன். 15 டாலருக்கு டி வடிவக் கைப்பிடி வைத்தது ஒன்று கிடைத்தது. அதன் தலை ட்யூபுக்குள் ஒரு அங்குலம் நேராக இறங்கி நின்றுகொண்டு, எல்லா வெட்டுகளிலும் சேர்ந்து பிடிக்கிறது. நழுவ வழியே இல்லை. வாங்குகிறவர்கள் துப்பாக்கி வாங்கின அன்றே இதையும் வாங்கிவிடுங்கள். அன்றும் அசையவில்லை.

திங்கட்கிழமை இரவு மூன்றாவது நாள். மறுபடி அப்பா. “வெளிய சூடு, உள்ள குளுமை” என்றார். குழல் சூட்டில் விரியும், ட்யூப் குளிரில் சுருங்கும், நடுவே எண்ணெய்க்கு வழி கிடைக்கும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஹேர் டிரையரை வெளிப்பக்கம் பத்து நிமிஷம் காட்டினேன். ட்யூபின் உட்புறம் துணியில் சுற்றிய ஐஸ் குச்சி. கேஸ் பர்னர் காட்டுவது அவசரக்காரன் வேலை. மேல் பட்டையைச் சில குழல்களில் ஈயப்பற்றுப் போட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள், எஃகின் பதமும் கெடும், எண்ணெய் தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். சூடு ஏறியதும் ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்தினேன். அப்புறம் கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கும் பக்கம். நாலாவது தடவை ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். கால் சுற்று. உடனே வெற்றி என்று உருவப் பார்க்காமல், ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இருபது நிமிஷம். கடைசியில் கையோடு வந்தது.

வெளியே வந்ததைப் பார்த்து அதிர்ச்சி எதுவும் இல்லை, அருவருப்புதான். மரைப் பள்ளங்கள் முழுக்கச் செங்கல் நிறத் துரு. அதன் மேல் தார் போல ஒரு கறுப்பு. தோட்டாவில் குண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கிண்ணம் உரசி உரசி உருகியதும், வெடிமருந்துக் கரியும், யாரோ பல வருஷம் முன்னால் தடவிய எண்ணெய் காய்ந்து பிசினானதும் சேர்ந்த கலவை. உட்புறத்தில் ஈயம் நீளக்கோடுகளாகப் படிந்திருந்தது. பின்விளிம்பில், அதாவது குழலின் உட்சுவரோடு அமரும் மெல்லிய ஓரத்தில், துரு தின்று, பல் உடைந்தாற்போல ஓர் இடம் விண்டிருந்தது. பக்கவாட்டில் தேய்ந்த எழுத்து: மாடிஃபைட். காசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த விண்ட ஓரத்தைப் பார்த்ததும் ட்யூபைச் சுத்தம் செய்து மறுபடி போடும் எண்ணத்தைக் கைவிட்டேன். ட்யூபின் பின்விளிம்பு குழலுக்குள் சரியாக உட்காரவில்லை என்றால் குண்டுக் கூட்டம் அந்த ஓரத்தில் மோதும், வாயு ட்யூபுக்கும் குழலுக்கும் நடுவே புகும். ட்யூப் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். அப்படிச் சுட்டு வாய்ப்பக்கம் புடைத்துப்போன குழல் ஒன்றை எங்கள் இடத்துச் சுவரில் எச்சரிக்கைக்காக மாட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலால் தடவினால் நன்றாகத் தெரியும், பாம்பு எலி விழுங்கினது மாதிரி. ட்யூபே இல்லாமல் சுடுவது அதைவிட மோசம். மரை வெறுமனே வெடிப்புக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும், ஒரே நாளில் கெட்டுவிடும்.

குழல் மரை தப்பித்ததா என்பதுதான் பெரிய கவலை. கரைசல் ஊற்றி நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, பள்ளங்களைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி, பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். இந்த வேலைக்குக் கடையில் விற்கும் துணித்துண்டுகளைவிட நாலு வருஷம் துவைத்த வேட்டி உத்தமம். நூல் பிரியாது, எண்ணெயை உறிஞ்சும். ஏழாவது துண்டு வெள்ளையாகவே வந்தது. மரைகள் முழுசாக இருந்தன. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி புது ட்யூப். இங்கேதான் ஆட்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள், நானும் கொஞ்சம் கொட்டினேன்.

முதலில் பார்க்க வேண்டியது மரை இனம், ஒடுக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். 12 போர் என்று எழுதியிருந்தால் எல்லாம் எல்லாவற்றிலும் சேரும் என்று நினைக்கக் கூடாது. மோஸ்பெர்க் 500-இன் மரையும் வின்செஸ்டரின் வின்சோக் மரையும் பிரவுனிங்கின் பழைய இன்வெக்டர் மரையும் ஒன்று. இன்வெக்டர் பிளஸ் வேறு. மோஸ்பெர்க்கிலேயே 835 மாடலின் குழல் அகலமானது, அதன் ட்யூப் 500-க்குச் சேராது. ரெமிங்டனின் ரெம் சோக் தனிச் சாதி. பெரெட்டாவில் மொபில்சோக் ஒன்று, ஆப்டிமா வேறு. கொஞ்சம் திருகினால் போகிறது என்பதற்காக ‘கிட்டத்தட்டப் பொருந்துகிற’ ட்யூபைப் போட்டுச் சுடுவது, மரை கழண்டவன் செய்கிற வேலை.

அடுத்து ஒடுக்கம். 12 போர் குழலின் வழக்கமான உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டையின் விட்டம் அது, 12 என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இதிலிருந்து ஆயிரத்தில் எத்தனை அங்குலம் குறைகிறது என்பதுதான் சோக்கின் கணக்கு. ஒன்றுமே குறையாவிட்டால் சிலிண்டர், 5 குறைந்தால் ஸ்கீட், 10 இம்ப்ரூவ்டு சிலிண்டர், 20 மாடிஃபைட், 35-லிருந்து 40 வரை ஃபுல். பெயர்கள் பயமுறுத்தினாலும் அளவு எவ்வளவு சின்னது பாருங்கள். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் சுமார் நான்கு. ஆக, அடங்கவே அடங்காத சிலிண்டருக்கும் இறுக்கமான ஃபுல்லுக்கும் நடுவே இருப்பது ஒன்பது தாள்.

பெரியவரிடம் குழல் உட்புறம் அளக்கும் டயல் கேஜ் இருந்தது. சாதாரண வெர்னியரின் தட்டை முனை வளைந்த உட்சுவரில் சரியாக உட்காராது, தவிர மரைக்குப் பின்னால் இருக்கும் குழலை அது எட்டவும் எட்டாது. ஒடுக்கம் என்பது ட்யூபின் விட்டம் மட்டும் இல்லையே, குழலுக்கும் ட்யூபுக்கும் உள்ள வித்தியாசம் அல்லவா? என் குழல் 0.730 அங்குலம், பழைய ட்யூபின் வாய் 0.711. வித்தியாசம் 19. பெயருக்கு ஏற்ற பிள்ளைதான்.

கம்பெனி இம்ப்ரூவ்டு சிலிண்டர், மாடிஃபைட், ஃபுல் மூன்றும், கூடவே ஆசைக்கு, வாய்க்கு வெளியே ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டு ஓட்டைகள் வைத்த பளபள ட்யூப் ஒன்றும் வாங்கினேன். நீட்டிய வகையில் ஒரு வசதி உண்டு: கையாலேயே கழற்றி மாட்டலாம், தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக இன்றும் அந்த வகை எனக்குப் பிடிக்கும்.

மாட்டும் விதம் சின்ன விஷயம், ஆனால் பாதிச் சிக்கல் இங்கே பிறக்கிறது. மரையில் நெயில் பாலிஷ் பூசுவதுபோல் மெல்லிசாக ஆன்டி சீஸ் கிரீஸ், மரை இறுகிப் பிடிக்காமல் காப்பது. நிக்கல் கலந்ததோ செம்பு கலந்ததோ எதுவானாலும் சரி. வெறும் எண்ணெய் சூட்டில் எரிந்து பிசினாகிவிடும், பழைய ட்யூபில் பார்த்தது அதுதான். கொழகொழவென்று அப்பினால் அது கரியைச் சேர்த்துக்கொண்டு பசையாகும். அப்புறம் ட்யூபை வாயில் வைத்து முதலில் கழற்றும் பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மரை மரையில் விழும் ‘டிக்’ கையில் தெரியும். அங்கிருந்து இறுக்கும் பக்கம். பாட்டில் மூடி கோணலாக ஏறிவிடாமல் இருக்க நாம் செய்வதேதான். முழுக்க விரலாலேயே போக வேண்டும், நடுவில் இறுகினால் ஸ்பேனரை எடுக்காமல் கழற்றிப் பார்க்க வேண்டும். கடைசியில் ஸ்பேனரால் ஒரு சின்ன அழுத்தம் போதும். குழல் தனியாக இருக்கும்போதே பின்பக்கம் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தேன். ட்யூபின் வட்டமும் குழலின் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று நடுவில் நின்றால் சரி.

மூன்று கம்பெனி ட்யூபும் அப்படித்தான் நின்றன. பளபள ட்யூபில் ஒரு பக்கம் பிறை போலக் கனத்துத் தெரிந்தது. கண் பிரமை என்று நினைத்துக்கொண்டேன்.

பேப்பர் போட்டுப் பார்க்காமல் சோக் பேசுவது, சமைக்காமல் உப்பு பார்ப்பது மாதிரி. இறைச்சிக் கடையில் சுற்றித் தரும் பழுப்புத் தாள், நாலடிக்கு நாலடி. 40 கெஜ தூரம். அந்தத் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதக் குண்டுகள் விழுகின்றன என்பதுதான் பரவலை அளக்கும் பழைய கணக்கு. சிலிண்டருக்கு 40, இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு 50, மாடிஃபைடுக்கு 60, ஃபுல்லுக்கு 70 என்று புத்தகம். வட்டத்தை முதலில் வரைந்துகொண்டு சுடக் கூடாது. சுட்ட பிறகு ஓட்டைகள் எங்கே அடர்த்தியோ அங்கே வரைய வேண்டும். என் தோட்டா ஒரு அவுன்ஸ், 8-ஆம் எண் குண்டு, அட்டவணைப்படி சுமார் 410. ஒவ்வொரு ட்யூபுக்கும் ஐந்து தாள். ஓட்டைகளை மார்க்கரால் பத்துப் பத்தாக அடைத்து எண்ணினேன். இருபது தாளை எண்ணி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. பெண் குழந்தை பாதியை எண்ணிக் கொடுத்தாள், ஓட்டைக்கு ஒரு சென்ட் கேட்டாள், கடைசியில் ஐஸ்க்ரீமுக்கு இறங்கி வந்தாள்.

இம்ப்ரூவ்டு சிலிண்டர் சராசரி 226, அதாவது 55 சதவீதம். மாடிஃபைட் 258, 63 சதவீதம். ஃபுல் 271, வெறும் 66 சதவீதம். மாடிஃபைடிலிருந்து ஃபுல்லுக்குத் தாவியும் கிடைத்தது பதின்மூன்று குண்டு! கோளாறு ட்யூபில் இல்லை. நான் வாங்கியிருந்தது இருப்பதிலேயே மலிவான தோட்டா. மெத்தென்ற ஈயம். வெடிக்கும் அழுத்தத்திலும் ஒடுக்கத்தில் நெருங்கும்போதும் குண்டுகள் நசுங்கி, உருண்டையாக இல்லாதவை பாதை விலகிப் போய்விடுகின்றன. ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி கூடுதலாகச் சேர்த்த கெட்டி ஈயத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி அதே மாடிஃபைடில் போட்டேன். 279, 68 சதவீதம். ட்யூபைத் தொடாமலே ஃபுல்லைத் தாண்டிவிட்டது. அன்றோடு ட்யூப் விளம்பரங்கள் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பளபள ட்யூப் கூட்டத்தை நெருக்கமாகத்தான் போட்டது, ஆனால் நான் குறிபார்த்த இடத்திலிருந்து ஒரு சாண் இடப்பக்கமாக. ஐந்து தாளிலும் அதே கதை. பிறை பிரமை இல்லை. கடைந்தபோதே துளையும் மரையும் ஒரே மையத்தில் அமையவில்லை. விற்றவருக்குத் தாள்களின் படத்தை அனுப்பினேன், “பழகினால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. மேற்கொண்டு சண்டை போடவில்லை.

இந்தத் தாள்களை வைத்துத்தான் இப்போது எது எங்கே என்று முடிவு செய்கிறேன். ஸ்கீட்டில் தட்டு 21 கெஜத்துக்குள் குறுக்கே போகும், அங்கே எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நல்லது. இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடுகிறேன், ஸ்கீட் ட்யூப் இருந்தால் இன்னும் உசிதம். மாடிஃபைடை அங்கே போட்டால் தட்டு பட்டால் பொடிப்பொடியாகும், படாமல் போவதுதான் அதிகம். ட்ராப்பில் தட்டு நம்மை விட்டு விலகி ஓடும். 16 கெஜக் கோட்டில் நின்று சுட்டால் அது உடையும்போது 32, 35 கெஜம் தள்ளிப் போயிருக்கும், அதற்கு மாடிஃபைட். ஃபுல் இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. 108 மில்லிமீட்டர் தட்டு அது. கூட்டத்தில் அதன் அகலத்துக்கு ஓட்டை விழாமல் இருந்தால் போதும்.

எஃகுக் குண்டு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே சிலருக்குக் கைசுட்டது. அமெரிக்காவில் 1991-லிருந்து நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு நாடு முழுக்கத் தடை. எஃகு ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. அதனால் அதே ட்யூபில் ஈயத்தைவிட ஒரு படி நெருக்கமாகவே போகும், ஃபுல்லில் போட்டால் நசுங்காத குண்டுக் கூட்டம் ஒடுக்கத்தையே நெட்டித் தள்ளும். எஃகுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் ட்யூபில் மட்டும், அதுவும் மாடிஃபைடுக்கு மேல் போகாமல் சுடுவதே பத்திரம். தாத்தா காலத்துக் குழலில், ஒடுக்கம் குழலிலேயே கடைந்தது என்றால், எஃகை நினைக்கவே வேண்டாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 25 தோட்டா முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்துவிட்டு ட்யூப் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சோதனை, சூடேறினால் தளரும். வீட்டுக்கு வந்ததும், சுட்டது பத்துத் தோட்டாவானாலும், ட்யூபைக் கழற்றுகிறேன். கரைசலில் பத்து நிமிஷம், வெண்கல பிரஷ், ஈயக்கோடு பிடிவாதமாக இருந்தால் நிஜச் செம்புக் கம்பியை பிரஷ்ஷில் சுற்றித் தேய்ப்பு. பாத்திரம் தேய்க்கும் செம்பு நிறக் கம்பி பல சமயம் எஃகின் மேல் பூச்சுதான், காந்தம் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மரையைத் துடைத்து, புது கிரீஸ், திருப்பி மாட்டு. ஊறும் நேரம் போக எட்டு நிமிஷ வேலை. மழையில் நனைந்தால் அன்றைக்கே. செப்டம்பர் 1 புறா சீசன் திறந்தால் ஒரு வாரம் தினமும்.

பழைய ட்யூபை அப்பா பார்க்க ஆசைப்பட்டார், ஊருக்கு வரும்போது கொண்டு வாடா என்றார். துப்பாக்கிப் பாகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சுத்தம் செய்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் குரல்பதிவு வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

“இஞ்சிக்கு முப்பத்திரெண்டு மரைடா. இத்தினி பொடி மரையவா நீ தகர ஸ்பேனரப் போட்டு நெம்புன?”